பொட்டலத்தின் பின்பக்கம்

ஒரு காட்டில், சுற்றுலா வண்டிகள் நின்று போகும் வளைவுக்குப் பக்கத்தில், ஓர் இலுப்பை மரம் இருந்தது. அதன் பொந்தில் ஓர் அணில் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. அடைமழை தொடங்க இரண்டே நாள்தான். ஆனால் பொந்து நிறைய வாதுமைக் கொட்டை இருந்ததால் அணில் கவலையில்லாமல் இருந்தது.

அணிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கொட்டையையும் காதருகே குலுக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்கும். சொத்தை என்றால் வீசிவிடும்.

அன்று காலை, பேச்சில் கெட்டிக்காரக் குரங்கு ஒன்று பளபளக்கும் பொட்டலத்தோடு வந்தது. வண்டியில் வந்தவர்கள் தவறவிட்ட பட்டர்ஸ்காட்ச் சிப் குக்கீஸ்!

"அணிலக்கா, ஒன்று தின்று பாரேன்!"

அணில் கடித்தது. வெண்ணெய் மணம், பல்லில் ஒட்டும் தித்திப்பு. அடடா! வால்கூடச் சிலிர்த்துவிட்டது.

"இங்கே பார், 'சக்தி நிறைந்தது' என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறது! இதில் ஒன்று உன் கொட்டை பத்துக்குச் சமம். பொட்டலத்தை வைத்துக்கொள், கொட்டைகளை எனக்குக் கொடு" என்றது குரங்கு.

"சரி அண்ணே" என்று அணில் தலையாட்டிவிட்டது. குலுக்கிப் பார்க்கும் வழக்கம் மறந்தே போயிற்று.

குரங்கு கன்னம் உப்ப உப்பக் கொட்டைகளை அடைத்து, நடை நடையாக எதிர்மரத்தில் கொண்டுபோய்க் குவித்தது. உச்சிவெயில் வந்தது. அணிலோ நான்கு குக்கீ தின்றும் பசி அடங்காமல் தவித்தது. குட்டிகள் பாலுக்கு அழுதன. அணில் குரங்கைக் கூப்பிட்டது.

"அண்ணே, நீ காலையில் இதில் எத்தனை தின்றாய்?"

"எட்டு!" என்று குரங்கு உளறிவிட்டது.

"எட்டு தின்ற நீ ஏன் என் கொட்டைக்கு அலைகிறாய்?"

அணில் பொட்டலத்தைத் திருப்பியது. பின்பக்கம் கசகசா அளவில் எழுத்து: சர்க்கரை நிறைய, கொழுப்பு அதற்கடுத்து, புரதம் பெயருக்குக் கொஞ்சம்.

"இதை நம்பினால் என் குட்டிகளுக்குப் பால் எப்படி ஊறும்? கொட்டைகளைத் திருப்பிக் கொடு! இல்லாவிட்டால் மரத்துக்கு மரம் போய் இதைப் படித்துக் காட்டுவேன்."

குரங்கிடம் ஒளித்து வைத்த இதே மாதிரிப் பொட்டலம் இன்னும் இரண்டு மிச்சம் இருந்தது. அவற்றை வேறு யார் தலையிலாவது கட்ட வேண்டுமே! அதனால் வாயில் இருந்ததைத் துப்பியது, குவித்து வைத்ததையும் கொண்டுவந்து கொட்டியது. அணில் ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்தே உள்ளே வைத்தது.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. குட்டிகள் வயிறு முட்டப் பால் குடித்துத் தூங்கின. "அப்பாடா, பிழைத்தோம்!" என்றது அணில். மீதியிருந்த ஒரு குக்கீயை ஆசைக்கு ஒரு கடி கடித்துவிட்டு, பசிக்கு வாதுமையை எடுத்தது.

நீதி: பெரிய எழுத்தில் சொல்வதை நம்பும் முன், சிறிய எழுத்தில் இருப்பதையும் படித்துப் பார்.