படத்தில் இருந்த வயிறு

"இந்தப் படத்துல இருக்கிறது என் வயிறுதான்," என்று பரிசுக் குழு முன்னால் அளந்துகொண்டிருந்தார் ஆராய்ச்சிக்கூட இயக்குநர் சாரங்கபாணி. "காந்தத்துக்குள்ள படுத்தா இதயம் நின்னுடும்னு எல்லாரும் பயந்தாங்க. நான் துணிஞ்சு படுத்தேன்."

பச்சைப் பொய். உடம்பின் உள்ளே காந்தத்தால் படம் பிடிக்கும் அந்தப் புது மிஷினில், டாக்டர்கள் ஆளுக்கொரு சாக்கு சொல்லி நழுவிய பிறகு, ஐந்து மணி நேரம் அசையாமல் கிடந்தவன் அங்கே கூட்டிப் பெருக்கும் அங்கப்பன். இன்றைக்கு டீ கொடுக்க மட்டும் அவனை உள்ளே விட்டிருந்தார்கள்.

தட்டை வைத்துவிட்டு அவன் கேட்டான்: "ஐயா, படத்துல ஒரு கிட்னிதானே தெரியுது? உங்களோட இன்னொண்ணு எங்க போச்சு?"

குழுத் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒன்றுதான் இருந்தது.

இயக்குநர் முந்திக்கொண்டார். "மிஷின் புதுசு சார். ஒண்ணை விட்டிருக்கும்."

"அப்போ நீங்க பரிசு கேக்குற மிஷினே பொய் சொல்லுதுங்களா, ஐயா?"

ஒருத்தரும் டீயைத் தொடவில்லை. அங்கப்பன் சட்டையைத் தூக்கி, விலாவுக்குக் கீழே ஓடிய நீளத் தழும்பைக் காட்டினான். "தங்கச்சிக்குக் கொடுத்தேன். அப்படியும் அவ பிழைக்கலை. இந்தப் படமாவது என் பேர்ல இருக்கட்டும்."

"சட்டையை இறக்குடா, நாயே!" என்று கத்தினார் இயக்குநர்.

அங்கப்பன் சட்டையை இறக்கவில்லை.