விடாப்பிடி அக்கா

கையை இப்படிக் குடு வேணி. ஒட்டியிருக்கிற ரெண்டு விரலையும் போர்வைக்குள்ள ஒளிச்சு வெச்சா நாளைக்கு டாக்டர் ஆபரேஷன் பண்ணாம விட்டுடுவாராக்கும்? பெரியம்மா கதை சொல்றேன். ம் கொட்டணும், இல்லன்னா நிறுத்திடுவேன்.

ஒரு அம்மா வயித்துல ஒரு பாப்பா. பாப்பாவுக்கு ஒரு கை. விரலெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு, தோசைக் கரண்டி மாதிரி தட்டையா ஒரு கை. அந்த விரலுங்களுக்கு நடுவுல, கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி வீடுங்க. அதுல ஒரு வீட்ல ஒரு அக்கா, ரெண்டு தம்பிங்க.

"ம்."

வீட்டுக்குள்ள ஒரு பாசிமணி மாலை. அந்த நூல்லதான் வீட்டோட உசிரே இருக்கு. தம்பிங்க ரெண்டு பேரும் கத்தி. தனித்தனியா இருந்தா ஒண்ணையும் வெட்ட மாட்டானுங்க. சேர்ந்துட்டானுங்களோ, கத்தரி! நூலை நறுக் நறுக்குன்னு நறுக்கிடுவானுங்க. அதனால அக்கா நடுவுல நின்னு, ஆளுக்கொரு கையில பிடிச்சுக்கிட்டே இருப்பா. அவனுங்களை வளர்த்ததும் அவதான்.

"ம்..."

அப்போ அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. வீடு கொதியா கொதிக்குது. "விடுக்கா, வெட்டிடறோம்!" "சும்மா இருங்கடா." காய்ச்சல் எறங்கிடுச்சு. அப்புறம் நூல் ஒரு இடத்துல பட்டுன்னு அறுந்துச்சு. "இப்பவாவது விடுக்கா!" "முடிச்சுப் போட்டுக்கலாம்டா." அவ விடல.

அப்புறம் மூணாவதா, டொக். டொக். டொக். வாசல்ல சேதிக்காரன், கையில அரிவாள்.

"பாப்பாவுக்கு விரல் பிரியணும். இந்த வீடு போயாகணும்."

"தம்பிங்களை நான் விடமாட்டேன்."

"தெரியும். அதான் உன்னை வெட்ட வந்திருக்கேன்."

"வேணாம் பெரியம்மா!"

படு, படு. அவளுக்கும் பயம்தான். "பாப்பாவுக்கு விரல் கண்டிப்பா வேணுமா?"ன்னு கேட்டா. "வேணும்"னான். "அப்போ சீக்கிரம்"னா.

சரக்! சரக்!

அக்கா விழுந்தா. தம்பிங்க அழுதுக்கிட்டே ஒண்ணு சேர்ந்தானுங்க. மணிக்கும் மணிக்கும் நடுவுல நறுக், நறுக், நறுக். வீடு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து ஒரு துண்டு விடாம முழுங்கிட்டாங்க. விரலுக்கு நடுவுல இருக்கிற ஒவ்வொரு தெருவுலயும், வீட்டுக்கு வீடு இப்படியே நடந்துச்சு. பாப்பாவுக்கு விரல் ஒவ்வொண்ணா பிரிஞ்சுது.

"எனக்கு மட்டும் ஏன் பிரியல?"

உன் ரெண்டு விரலுக்கு நடுவுல இருக்கிற இந்த ஒரு தெருவுக்குச் சேதிக்காரன் வரல கண்ணு. ஏன்னு எனக்கும் தெரியாது. உன் மேல தப்பு இல்ல. அங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறாளே உங்கம்மா, அவ மேலயும் இல்ல.

"அப்போ இந்தத் தெரு அக்கா இன்னும் பிடிச்சுக்கிட்டேவா நிக்கிறா?"

ம்.

"நாளைக்கு டாக்டர்தான் சேதிக்காரரா?"

ம்.

"அவளுக்கு வலிக்குமா?"

உனக்கு மருந்து குடுத்துத் தூங்க வெப்பாங்க. உன் கைக்குள்ள இருக்கிறவ முழிச்சுக்கிட்டா இருப்பா?

என்னடி, விரலை வாய்கிட்ட வெச்சுக்கிட்டு என்ன முணுமுணுக்கிற? சத்தமா சொல்லேன்.

"கை வலிக்கும்க்கா. போதும், விட்டுடு."

...சரி. போர்வையை இழுத்து விடறேன். கதை கண்ணை மூடிடுச்சு, நீயும் மூடு.