ஊற்றங்கரைச் சேற்றில் எண்ணிய தடங்கள்

மலைக்காட்டின் உச்சியில் ஒரே ஓர் ஊற்று இருந்தது. கோடையில் ஓடைகளெல்லாம் வற்றிய பிறகு அதுதான் எல்லோருக்கும் கதி. ஊற்றை ஒட்டிய புதரில் ஒரு சருகுமான் குட்டி போட்டிருந்தது. பூனை உயரம்கூட இல்லாத மான் அது. அது தண்ணீர் குடித்தால்தான் குட்டிக்குப் பால்.

ஆனால் போகும்போதெல்லாம் ஊற்றுக்குள் நாற்பது மாடுகள் நின்றன! எப்போதோ ஊரைக் காலிசெய்து போனவர்கள் அவிழ்த்துவிட்ட மாடுகளின் வாரிசுகள் அவை. மூக்கணாங்கயிறு என்றால் என்னவென்றே அறியாதவை. அங்கேயே குடித்தன, அங்கேயே சாணி போட்டன, அதிலேயே படுத்துப் புரண்டன.

"கொஞ்சம் நகருங்களேன்!" என்றது சருகுமான்.

செவலைக் காளை குனிந்து பார்த்தது. "யாரோ பேசுகிற மாதிரி இருக்கே! கொசுவா?"

மாடுகள் கெக்கெக்கே என்று சிரித்தன. சருகுமானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே கருமந்தியிடம் ஓடியது.

கருமந்திதான் காட்டுச் சபையின் தலைவர். தளிரைத் தின்றே தாகத்தைத் தீர்த்துக்கொள்பவர். மரத்தைவிட்டு இறங்கியே பல மாதம் ஆகியிருந்தது.

"சபையோரே!" என்று கிளையிலிருந்தே கனைத்தது மந்தி. "மாடுகள் இங்கே இருக்கலாமா? அடிவாரத்து ஆற்றங்கரைக்கு இறங்க வேண்டுமா? ஆற அமரப் பேசுவோம். அவசரம் ஒன்றுமில்லை."

"உங்களுக்கு அவசரமில்லை! என் குட்டிக்கு இருக்கிறது!" என்றது சருகுமான்.

"ஐயையோ!" என்று தேம்பியது உண்ணிக்கொக்கு. "வாயில்லா ஜீவன்களை விரட்டுவதா? உங்கள் நெஞ்சில் ஈரமே இல்லையா?" காளையின் முதுகில் உட்கார்ந்துதான் தேம்பியது. நடுவே ஓர் உண்ணியையும் கொத்தி விழுங்கியது.

"வாயில்லா ஜீவனா? நாற்பது வாயும் ஊற்றில்தானே இருக்கிறது!" என்று சீறியது சருகுமான்.

காளை முன்னே வந்தது. "ஏய் பொடிசு, நாங்களாகவா வந்தோம்? மனுஷன் விட்டுட்டுப் போனான். நான் பிறந்தது இந்தக் காட்டில். என்னைப் போ என்று சொல்ல நீ யார்?"

"உங்களை விட்டுப் போனது அவன் செய்த அநியாயம். அதற்கு என் குட்டி ஏன் சாக வேண்டும்?"

மந்தி அவசரமாக, "சரி சரி, தடம் வையுங்கள்!" என்றது.

அந்தக் காட்டு வழக்கம் அது. ஊற்றங்கரைச் சேற்றில் ஆளுக்கு ஒரு காலடித் தடம் வைக்க வேண்டும். இறங்கட்டும் என்பவர்கள் இடது கரையில், இருக்கட்டும் என்பவர்கள் வலது கரையில்.

சருகுமான் முதலில் போய் இடது கரையில் தடம் வைத்தது. விரல் நகம் அளவுதான் இருந்தது. பின்னாலேயே முயல்களும் முள்ளம்பன்றிகளும் கீரிகளும் வரிசையில் வந்தன. மொத்தம் ஐம்பத்திரண்டு தடங்கள்!

பிறகு மாடுகள் கிளம்பின. இடது கரையை மிதித்து, ஊற்றுக்குள் இறங்கி, வலது கரையில் ஏறித் தடம் வைத்தன.

மந்தி உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தது. "வலது கரையில் நாற்பது. இடது கரையில் குழம்பிய சேறுதான், ஒரு தடம்கூடத் தெரியவில்லை!"

"எங்கள் தடங்களை மிதித்து அழித்துவிட்டார்கள்!" என்று கத்தியது சருகுமான்.

"எந்தத் தடம்? காட்டு பார்ப்போம்! கண்ணுக்குத் தெரிவதைத்தானே அம்மா எண்ண முடியும்? மாடுகள் இருக்கலாம். இதுவே தீர்ப்பு!"

"நியாயம் ஜெயித்தது!" என்று கொக்கு சிறகடித்தது.

ஜெயித்த காளை தண்ணீர் குடிக்கத் திரும்பியது. ஊற்றைக் காணோம்! நாற்பது மாடுகளின் குளம்பு மிதித்ததில் ஊற்றுக்கண் அடைபட்டு, வெறும் சேறுதான் கிடந்தது.

"தண்ணீர் எங்கே?"

"உங்கள் காலடியில்!" என்றது சருகுமான்.

காளை சேற்றை முகர்ந்தது, நக்கியது, துப்பியது. பிறகு அடிவாரத்து ஆற்றைப் பார்த்து இறங்கியது. மந்தையும் இறங்கியது. முதுகில் கொக்கும் போனது.

"அட, எங்கே போகிறீர்கள்? தீர்ப்பு உங்கள் பக்கம்தானே!" என்று கத்தியது மந்தி.

முள்ளம்பன்றிகள் பொழுது சாயும்வரை தோண்டின. ஈரம் கசிந்ததே தவிர நீர் ஊறவில்லை. ஆற்றங்கரையிலும் அந்த நாற்பது மாடுகள்தான் நிற்கும் என்று, சருகுமான் தள்ளாடும் குட்டியை முட்டி எழுப்பி, அடுத்த மலைக்கு நடந்தது.

"இரு அம்மா, மறுபடி சபையைக் கூட்டுகிறேன்!" என்றது மந்தி.

"கூட்டுங்கள். சேறு நிறைய இருக்கிறது!"

பாதிக்கப்பட்டவரின் குரலை மிதித்து அழித்துவிட்டுச் சொல்லும் தீர்ப்பு, எத்தனை பேர் கைதட்டினாலும் அநியாயமே.