பயமில்லாமல் எழுதிய குறிப்பு

அந்த அலுவலகத்தில் குரு என்று யாரையும் அழைப்பதில்லை. மேடம் என்பார்கள். சீடர் என்றும் யாரும் இல்லை. ஒப்பந்த ஊழியர் என்பார்கள். மற்றபடி எல்லாம் பழைய கதைகளில் வருவது போலத்தான். கேள்வி கேட்க ஒருத்தி இருந்தாள். பதில் தெரிந்தும் உடனே சொல்லாத ஒருவர் இருந்தார்.

மேடத்தின் பெயர் சுபைதா. அரசுக்கு அறிவியல் ஆலோசனை சொல்லும் ஒரு சிறிய பிரிவின் தலைவி. விஞ்ஞானிகள் எழுதித் தரும் தடித்த அறிக்கைகளை, முடிவெடுக்கும் அதிகாரிகள் படிக்கிற மாதிரி ஒரு பக்கக் குறிப்பாகச் சுருக்குவது அந்தப் பிரிவின் வேலை. சுருக்குகிறவர்கள் கடைசி வரிசை இளைஞர்கள். அவர்களில் புதியவள் ஜெசிந்தா. நிலவியல் படித்துவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வந்தவள். வேலையில் சேர்ந்தபின் அவள் பார்க்கும் முதல் பருவமழை இது.

அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அது மூன்று மேசைகளைக் கடந்து செயலாளரிடம் போக வேண்டும். முதல் மேசை மேடத்துடையது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சொல்லாவது மாற வேண்டும். மாறாவிட்டால் அந்த மேசை படிக்கவே இல்லை என்று ஆகிவிடும். மாற்றமும் ஒரே திசையில்தான். முதல் மேசையிலிருந்து 'உடனடியாக' என்று கிளம்பியது அடுத்த மேசையில் 'விரைவில்' ஆகும். அதற்கடுத்த மேசையில் 'உரிய காலத்தில்' ஆகும். நல்லவேளையாக நான்காவது மேசை இல்லை.

கடைசி வரி மட்டும் எந்த மேசையிலும் மாறாது. 'மேலும் ஆய்வு தேவை.' அந்த வரியை எழுதியதற்காக இதுவரை யாருக்கும் வேலை போனதில்லை.

அன்று காலை ஜெசிந்தாவின் மேசைக்கு ஈட்டிமூலை வந்தது. மலை மாவட்டத்தில், தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, சரிவை ஒட்டி இருக்கும் தொழிலாளர் லைன் வீடுகள். வீடுகளுக்கு மேலே சரிவில் விரிசல் விழுந்திருந்தது. நாலு நாளாக மழை. ஆட்களை அப்புறப்படுத்துவதா வேண்டாமா என்று மாவட்ட ஆட்சியர் கேட்டிருந்தார். மாலைக்குள் செயலாளர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை ஜெசிந்தா எழுத வேண்டும்.

பக்கத்து இருக்கைத் தணிகைவேல் எட்டிப் பார்த்தான்.

"என்ன ஜெசி, மண்டபம் புக் பண்ணிட்டியா?"

மண்டபம் என்றால் அந்தப் பிரிவில் ஒரு கதை. அந்த இருக்கையில் அவளுக்கு முன்னால் இருந்தவன் பிரதீபன். போன வருடம் வேறொரு மலைக்கு அவன் 'உடனே அப்புறப்படுத்துக' என்று எழுதினான். மேசைக்காரர்கள் எல்லாரும் ஏதோ அவசரத்தில் இருந்த நாள். ஒரு சொல்லும் மாறாமல் போய்விட்டது. ஊரையே கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மலை ஒரு கூழாங்கல்லைக்கூட உருட்டவில்லை. திரும்பிப் போனவர்களுக்குத் திருடர்கள் பூட்டை உடைத்த வீடும் காலி ஆட்டுப்பட்டியும்தான் மிச்சம். ஒரு அம்மாள் எப்படியோ நம்பர் பிடித்து அலுவலகத்துக்குப் போன் போட்டார். பிரதீபன் கை தவறி ஸ்பீக்கரை அழுத்திவிட்டான்.

"எவன்டா எழுதினது? உங்க அப்பன் சொன்னா மலை விழுமா? என் ஆட்டை எவன் குடுப்பான், நீ குடுப்பியா?"

பிரிவு முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அவனுக்கு மண்டபம் என்றே பெயர். ஒப்பந்தம் முடிந்தபோது அதை யாரும் நீட்டிக்கவில்லை.

"சும்மா பயமுறுத்தாதீங்க தணிகை."

"நான் எங்கம்மா பயமுறுத்தினேன்? கடைசி வரியை எழுது, மேல அனுப்பு, சாப்பிட வா. மலைக்கும் உனக்கும் என்ன வாய்க்கா வரப்பு தகராறா?"

அவள் மலைக்குப் போன் செய்தாள். விரிசலை நேரில் அளந்தவர் துரைப்பாண்டி. நிலவியலாளர். அறிக்கையில் அவர் அளவுகளை மட்டும் எழுதியிருந்தார்.

"சார், ஒரே ஒரு கேள்வி. சரியுமா, சரியாதா?"

"நான் மலை இல்லையேம்மா."

"உங்க கணிப்பு சார்."

"தண்ணி இன்னும் உள்ள இறங்கினா போகலாம். போகாம நூறு வருஷம் நிக்கவும் நிக்கலாம்." காற்றுச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "இன்னிக்கு ராத்திரி அங்க நான் படுப்பேனான்னு கேளு. படுக்க மாட்டேன்."

"அதை எழுதித் தருவீங்களா சார்?"

"அதை எப்படிம்மா எழுத முடியும்? அளவைத்தான் எழுத முடியும்."

ஜெசிந்தா எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். சாப்பாட்டு நேரம் தாண்டியபோது திரையில் நின்றது இது: 'சரிவு ஏற்படும் வாய்ப்பை முற்றிலும் மறுப்பதற்கில்லை. எனினும், மேலும் ஆய்வு தேவை.' மூன்று மேசைகளும் செய்ய வேண்டிய வேலையை அவள் தன் மேசையிலேயே முடித்துவிட்டிருந்தாள்.

அதை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனாள். மேடத்துக்கு அப்போதுதான் டீ வந்திருந்தது. அவர் பக்கத்தைப் படித்தார்.

"கடைசி வரி யாருக்கு எழுதினது?"

"யாருக்குன்னு இல்ல மேடம். அதுதான் உண்மை. விரிசல் எவ்வளவு ஆழம்னு தெரியாது. அடியில பாறை எப்படி இருக்குன்னு தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினா அது பொய்."

"சரி."

"சரின்னா?"

"பொய் எழுதக் கூடாது. சரிதான். ஆய்வு எப்ப முடியும்?"

"துளை போட்டு, கருவி இறக்கி... மாசக்கணக்கா ஆகும்."

"மழை?"

"இன்னிக்கு இருட்டினதும் வலுக்கும்கிறாங்க."

மேடம் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். வாதம் செய்பவர்களுக்கு எதிராளி பேசினால் தெம்பு; பேசாவிட்டால் கால் பாவாது. ஜெசிந்தா தானே தொடர்ந்தாள்.

"நாம ஆபத்துன்னு எழுதி ஒண்ணும் நடக்கலைன்னா, அடுத்த தடவை நிஜமாவே ஆபத்துன்னு சொல்லும்போது ஒருத்தரும் நகர மாட்டாங்க. அதுவும் அறிவியல்தானே மேடம். அதைப் பத்தியே ஆய்வுக் கட்டுரை இருக்கு."

"இருக்கு. நானும் படிச்சிருக்கேன்."

"அப்ப நான் எழுதினதுல என்ன தப்பு?"

"தப்புன்னு நான் சொல்லலியே. நீதான் வந்ததுலேர்ந்து நின்னுட்டே இருக்க. உக்காரு."

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வாதம் போன இடம் தெரியவில்லை.

"பயமா இருக்கு மேடம்."

"எதுக்கு?"

"ரெண்டுக்கும். கிளப்புங்கன்னு எழுத விரலை வெச்சா, எல்லாரும் பேசிக் காட்டற அந்த ஆட்டுக்கார அம்மா குரல் கேக்குது. அழிச்சா துரைப்பாண்டி சார் குரல் கேக்குது. காலையிலேர்ந்து இதேதான். நீங்க இத்தனை வருஷமா எழுதறீங்க. பயமில்லாம எழுதறது எப்படி மேடம்?"

மேடம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்தார். அவள் முன்னால் வைத்தார்.

"இன்னொரு குறிப்பு எழுது. ராத்திரி மலை சரிஞ்சிடுச்சுன்னு வெச்சுக்கோ. காலையில எல்லாருக்கும் முன்னாடி நம்மகிட்டதான் ஒரு பக்கம் கேப்பாங்க. அந்தப் பக்கத்தை இப்ப எழுது."

"இங்கேயா?"

"இங்கேயே."

"அது எதுக்கு மேடம்?"

"கேட்டியே."

ஜெசிந்தா பேனாவை எடுத்தாள். முதல் வரிக்குத் தயங்கினாள். பிறகு தயக்கம் இல்லை. இந்த மாதிரிப் பக்கங்கள் பிரிவின் கணினியில் எத்தனையோ இருந்தன, அவள் படித்திருந்தாள். வாக்கியங்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன. ஒரு இடத்தில் 'மண்சரிவு' என்று எழுதி, அடித்து, 'நிலச்சரிவு' என்று திருத்தினாள். அது இன்னும் கொஞ்சம் கம்பீரமாக இருந்தது.

"முடிஞ்சுது மேடம்."

"படி."

அவள் படித்தாள். "எதிர்பாராத கனமழை காரணமாக ஈட்டிமூலைப் பகுதியில் நேற்றிரவு நிலச்சரிவு ஏற்பட்டுள்ளது. மேற்படி சரிவில் விரிசல் இருந்தது ஏற்கெனவே நமது கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பரிசீலனையில் இருந்தது. மீட்புப் பணிகள் நடைபெற்று வருகின்றன. உயிரிழந்தோர் எண்ணிக்கை..."

நிறுத்தினாள்.

"அங்க என்ன எழுதியிருக்க?"

"ஒண்ணும் எழுதல. இடம் விட்டிருக்கேன் மேடம். கணக்கு வந்ததும் போட்டுக்கலாம்னு."

மேடம் தலையசைத்தார்.

"கை நடுங்குச்சா?"

"இல்ல."

"யார் குரலாவது கேட்டுச்சா?"

ஜெசிந்தா யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் மாறியது.

"இல்ல மேடம்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவள் மேடத்தின் டம்ளரைப் பார்த்தாள். ஆவி வந்துகொண்டிருந்தது.

"டீ கூட ஆறல."

"பயமில்லாம எழுதறது எப்படின்னு கேட்ட இல்ல," என்றார் மேடம். டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "இப்படித்தான்."

ஜெசிந்தா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணுக்காக விட்ட இடம் ஒரு கட்டை விரல் அகலம் இருந்தது. மூன்று இலக்கம்கூடத் தாராளமாகப் பிடிக்கும். யாரும் சொல்லாமலே அவ்வளவு இடம் விட்டிருந்தாள்.

எழுந்து தன் இருக்கைக்குப் போனாள்.

இந்த முறை டைப் அடிக்கவே வரவில்லை. விரல் பக்கத்து எழுத்துக்குப் போனது. ஈட்டிமூலை என்ற பெயரையே இரண்டு முறை தப்பாக அடித்தாள். தணிகைவேல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து திரையைப் படித்தான்.

'விரிசலின் ஆழம் தெரியாது. மலை சரியும் என்று கூற முடியாது. சரியாது என்றும் கூற முடியாது. தெரியவரும்வரை அதன் கீழே யாரும் உறங்கக் கூடாது. இன்று இருட்டுவதற்குள் லைன் வீடுகளில் உள்ள அனைவரையும் அப்புறப்படுத்த வேண்டும். அவர்களின் ஆடு மாடுகளைக் கொண்டுசெல்லவும் வண்டி அனுப்ப வேண்டும்.'

"ஆட்டுக்கு வண்டியா? செயலாளர் சிரிக்கப் போறார்."

"சிரிக்கட்டும்."

"மேலும் ஆய்வு எங்க?"

"போடல."

அவன் எழுந்து போவான் என்று நினைத்தாள். போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வீடுகளுக்குக் காவல்னு ஒண்ணு சேத்துக்கோ. பிரதீபன் அதைத்தான் விட்டுட்டான்."

சேர்த்தாள்.

மேடம் அந்தப் பக்கத்தை ஒருமுறைதான் படித்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். ஜெசிந்தா எந்தச் சொல் போகப்போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். 'அனைவரையும்' போகலாம். 'இருட்டுவதற்குள்' நிச்சயம் போகும். மேடம் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். ஒரு சொல்லும் போகவில்லை.

"நானே எடுத்துட்டுப் போறேன்."

"நடுவுல இன்னும் ரெண்டு மேசை இருக்கே மேடம்."

"லிஃப்ட்டுல மேசை கிடையாது."

நடையில் மேடம் முன்னால் போனார். ஜெசிந்தாவின் கையில் போன் அதிர்ந்தது. துரைப்பாண்டி அனுப்பியிருந்தார்: 'இங்கே மறுபடி தூறல் ஆரம்பித்தாயிற்று.' ஓடிப்போய்க் காட்டினாள். மேடம் படித்துவிட்டு லிஃப்ட் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினார். அழுத்திய விரல் லேசாக நடுங்கியதை ஜெசிந்தா பார்த்தாள்.

"அந்த இன்னொரு தாளைக் கிழிச்சுப் போட்டுடட்டுமா மேடம்?"

"காலையில கிழிச்சுக்கலாம்."

லிஃப்ட் வந்தது. மேடம் உள்ளே போய்த் திரும்பி நின்றார். காலையிலிருந்து கேட்க நினைத்ததை ஜெசிந்தா அப்போதுதான் கேட்டாள்.

"மேடம், மலை சரியலைன்னா?"

மூடப்போன கதவை மேடம் கையால் தடுத்தார்.

"சரியலைன்னா, நாளைக்கு உன்னைத் திட்டறதுக்கு அவங்க எல்லாரும் இருப்பாங்க."