எக்பெர்ட் ஹால்ம் இழந்த சுரம்

"ஒரே ஒரு சுரம்தான் அம்மா. மற்றதெல்லாம் இருக்கிறது. அது மட்டும் போய்விட்டது."

எக்பெர்ட் ஹால்ம் வாசலிலேயே நின்று இதைச் சொன்னான். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

ஸெல்மா லெவின் அவனை உள்ளே வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, பியானோவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

"எந்த இடத்தில் போகிறது? பாடிக் காட்டுங்கள்."

ஒன்பது வருடம் அவனை நீ, வா, போ என்று பேசியவர் அவர். 'காட்டுங்கள்' என்றதும் அவனுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

பாடினான்.

கடலில் தொலைந்த மகனைத் தகப்பன் பெயர் சொல்லிக் கூப்பிடும் கட்டம் அது. மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது முறை குரல் உச்சத்துக்கு ஏறும். இரண்டு முறை கூப்பிட்டான். மூன்றாவதில் தொண்டை அடைத்துக்கொண்டது. காற்று மட்டும் வந்தது.

"நாளைக்கு வாருங்கள்" என்றார் ஸெல்மா.

*

எக்பெர்ட், எல்பே நதியில் நிலக்கரிப் படகு ஓட்டியவரின் மகன். படகில் அவன் பாடுவதை யாரோ கேட்டுவிட்டு, கரையிலிருந்த நகரத்தில் ஓபரா என்னும் இசைநாடகம் போடும் அரங்குக்கு அவனை அழைத்துப் போனார்கள். அவனுடையது பாரிடோன் குரல். ரொம்ப மேலேயும் போகாது, அடியாழத்துக்கும் இறங்காது. அந்தக் குரலுக்குக் காதலன் வேஷம் கிடைப்பது அபூர்வம். அரசன், வில்லன், மகளைப் பறிகொடுக்கும் அப்பா, இப்படித்தான் கிடைக்கும்.

இசைக் குறிப்பு வாசிக்க அவனுக்குத் தெரியாது. அரங்கில் பாடகர்களுக்கு வேஷங்களைச் சொல்லித்தரும் பியானோ ஆசிரியை ஸெல்மா. அவனைவிட ஏழு வயது மூத்தவர். அவன் எதிரில் உட்கார்ந்து வரி வரியாக ஊட்டினார். எங்கே மூச்சு எடுப்பது, எங்கே அடக்குவது, எந்தச் சொல்லில் அழக் கூடாது, எல்லாம் அவர் கொடுத்தது. இருபத்திரண்டு வேஷங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருடம், யூதர்கள் அரங்குகளில் வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. மானேஜர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். லெவினோடு வேலை செய்ய எங்களுக்கு விருப்பமில்லை என்று பாடகர்களே எழுதிக் கொடுப்பது போல அதில் இருந்தது.

எக்பெர்ட் கையெழுத்துப் போட்டான்.

மறுவருடம் அவன்தான் அந்த அரங்கின் முதல் பாரிடோன். பத்து வருடம் சுவரொட்டிகளில் அவன் பெயர் பெரிய எழுத்தில் வந்தது. சீருடை போட்ட பெரிய மனிதர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பிறகு குண்டு விழுந்து அரங்கு எரிந்தது. போர் முடிந்தது. மிஞ்சியவர்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஓபரா போட ஆரம்பித்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் எக்பெர்ட்டின் குரல் அந்தச் சுரத்தில் முதல்முறை நின்றது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே இடத்தில் நின்றது.

டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். "சுத்தமாக இருக்கிறது. ஒன்றுமே இல்லை" என்றார்.

ஒன்றுமே இல்லாமல் குரல் போகுமா? எக்பெர்ட்டுக்குக் காரணம் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

ஸெல்மா திரும்பி வந்திருக்கிறார் என்று அப்போதுதான் கேள்விப்பட்டான்.

*

இரண்டாம் நாள் ஒரு மூட்டை நிலக்கரி தூக்கிக்கொண்டு போனான். அந்தக் குளிர்காலத்தில் அது பொன். அவர் அதைத் தூக்கி வீதியில் எறிவார் என்று நினைத்தான். எறிந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"அடுப்புப் பக்கத்தில் வையுங்கள்" என்றார் ஸெல்மா. இரண்டு கட்டியை உடனே எடுத்து அடுப்பில் போட்டார். "பாடுங்கள்."

பாடினான். நின்றது.

இந்தத் தடவை அவர் பியானோவை விட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். "திரும்ப."

நின்றது.

"திரும்ப."

பதினொரு தடவை பாட வைத்தார். பதினொரு தடவையும் நின்றது. எக்பெர்ட்டுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"நாளைக்கு வாருங்கள்."

*

மூன்றாம் நாள் அவனால் பாட முடியவில்லை. வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"அந்தத் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன் அம்மா."

"தெரியும். மூன்றாவது பெயர்."

"பார்த்தீர்களா?"

"மானேஜர் காட்டினார். படித்துப் பார்த்துக்கொள் என்று என் கையிலேயே கொடுத்தார்."

அடுப்பில் கரி வெடித்தது. அவர் ஒரு கம்பியால் அதைக் கிளறிவிட்டார்.

"அப்புறம் எங்கே போனீர்கள்?"

"ஹாலந்துக்கு. நானும் தங்கை ரோஸாவும். போரின் கடைசி மூன்று வருடம் ஒரு மாட்டுப் பண்ணையில் ஒளிந்திருந்தோம். ரோஸா ஒரு நாள் காலையில் வெளியே போனாள். பிடித்துவிட்டார்கள்."

அவர் கம்பியை அடுப்போரம் சாய்த்து வைத்தார்.

"ஏன் இந்த ஊருக்கே திரும்பி வந்தீர்கள்?"

"வேறெங்கே போக? எனக்கு இந்த ஒரு பாஷையில்தான் பாட்டு சொல்லித்தரத் தெரியும்."

எக்பெர்ட் நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்பத்தாறு வயது மனிதன். தோள் குலுங்க அழுதான்.

"என்னை மன்னியுங்கள் அம்மா. நீங்கள் மன்னித்தால்தான் குரல் திரும்பும். அந்தச் சுரத்தைப் பிடித்து வைத்திருப்பது நீங்கள்தான்."

ஸெல்மா அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு பாடகன் தாளம் தப்பும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"பத்து வருடத்துக்கு மேல் என் மன்னிப்பு இல்லாமலே நன்றாகத்தான் பாடினீர்கள்" என்றார்.

"நாளைக்கு வாருங்கள்."

*

போகக் கூடாது என்று முடிவு செய்தான். பாலத்தில் நின்று வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தான். அப்பாவின் படகு போல ஏதோ ஒன்று கரி ஏற்றிப் போயிற்று. குதிக்க வேண்டும் என்று தோன்றியது. குதிக்கவும் இல்லை.

மறுநாள் மதியம் போனான்.

ஸெல்மா அவனை அறையின் நடுவில் நிறுத்தினார். பாடச் சொன்னார். முதல் கூப்பிடுதல். இரண்டாவது. மூன்றாவதற்கு அவன் மூச்சு எடுத்தபோது அவர் பக்கத்தில் வந்து, கையை நீட்டி, அவன் தாடையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

சுரம் வந்தது.

முழுசாக வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாடிப்படியில் யாரோ ஏறிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

எக்பெர்ட் பாட்டை அப்படியே விட்டுவிட்டு அவரைப் பார்த்தான்.

"யாரைப் பார்த்துப் பாடினீர்கள் இத்தனை வருடமும்?" என்று கேட்டார் ஸெல்மா.

"புரியவில்லை."

"பழைய அரங்கில் பெரிய மனிதர்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள்?"

"மேல்மாடத்தில். இடது பக்கம்."

"அதுதான். அண்ணாந்து அண்ணாந்து பாடிக் கழுத்து அப்படியே பழகிவிட்டது. இளமையில் தாங்கும். இப்போது வயதாகிறது, சாப்பாடும் போதவில்லை. தொண்டை இறுகுகிறது. டாக்டர் உங்களை உட்கார வைத்துப் பார்த்திருப்பார். பாட வைத்துப் பார்த்திருக்க மாட்டார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இன்னொரு தடவை பாடுங்கள். கையை எடுத்துவிடுகிறேன்."

பாடினான். வந்தது. இன்னொரு தடவை. வந்தது. பழைய நாட்களில் வந்ததைவிடச் சுத்தமாக, எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது. பாடப் பாட அவன் முகம் வெளுத்தது.

"அப்படியானால் இது தண்டனை இல்லையா அம்மா?"

"தாடைதான்" என்றார் ஸெல்மா.

அவன் நகரவில்லை. அவர் பியானோ மூடியைச் சாத்தி அதன் மேல் துணியை விரித்தார்.

"திட்டவாவது திட்டுங்கள்."

"நான்கு மணிக்கு வேறொருவர் வருகிறார்."

"நான் இனி என்ன செய்வது?"

"பாடுங்கள். குரல் கெட்டுப்போகவில்லை. இந்தக் குரலுக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது."

எக்பெர்ட் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இருபது வருடமா?"

"ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் வரும்" என்றார் ஸெல்மா.