நீர்நாய்க்காகக் காத்திருந்த கரை

ஒரே ஒரு காட்டில் ஒரே ஒரு ஆறு ஓடிக்கொண்டிருந்தது, குழந்தைகளே. அதில் நீர்நாய்கள் குட்டிகளோடு நீந்தி விளையாடின.

அங்கே ஒரு பன்றி இருந்தது. கிழங்குக்காக அது கரையைத் தோண்டித் தோண்டிப் போட்டது. மழை வந்ததும் கரை சரிந்து விழுந்தது. தண்ணீர் சேறானது. மீன்கள் போயின. அவற்றின் பின்னாலேயே நீர்நாய்களும் போய்விட்டன.

அந்த ஆற்றங்கரையில் ஒரு கொக்கும் ஒரு குரங்கும் வாழ்ந்தன. யாரும் ஏவாமலே இரண்டும் கரையைச் சீராக்கும் வேலையில் இறங்கின. குரங்கு கரையெல்லாம் நாணல் நட்டது. கொக்கு ஆற்றைக் கண்காணித்தது. பன்றியிடம் இரண்டும் ஒரு வாக்கு வாங்கின.

"நீர்நாய் திரும்பி வரும்வரை, உங்கள் மூக்கு இந்தக் கரையில் படக் கூடாது, அண்ணே."

"சரி, சரி," என்றது பன்றி.

தினமும் விடிந்ததும் மூன்றும் ஆற்றங்கரையில் கூடும். அவரவர் கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். காணாவிட்டால் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம்.

"இன்றும் நீர்நாயைக் காணவில்லை," என்று கொக்கு சொல்லும். பன்றியின் வயிறு இரையும்.

ஒருநாள் பன்றி மூச்சிரைக்க ஓடி வந்தது. "நீர்நாய் வந்துவிட்டது! வளைவுப் பாறையில் என் கண்ணாலேயே பார்த்தேன்!"

குரங்கு கரணம் அடித்தது. கொக்கு மட்டும் நிதானமாகக் கேட்டது:

"நல்ல சேதி, அண்ணே. ரொம்ப நேரம் இருந்ததோ?"

"நேற்று முழுக்க அங்கேதான்! வயிறு முட்ட மீன் தின்றது."

"அப்படியானால் பாறையெல்லாம் அசிங்கமாக இருக்குமே?"

"சேச்சே! துடைத்து வைத்ததுபோல் சுத்தம். நீர்நாய் என்ன, என்னைப் போலவா?"

கொக்கு சிரித்துவிட்டது. "நீர்நாய் தங்கிய பாறையில் மீன்செதில் கலந்த விட்டை கட்டாயம் கிடக்கும், அண்ணே. நான் தினமும் தேடி அலைவதே அதைத்தான்!"

"பொய் சொல்லும் முன்னால் என்னைக் கேட்டிருக்கலாமே!" என்று குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது.

பன்றியின் காதுகள் தொங்கின. "பசி தாங்கவில்லையடா," என்றது மெல்ல.

"மேட்டுக் காட்டிலும் கிழங்கு இருக்கிறது, அண்ணே," என்றது கொக்கு. "ஆனால் கரை சரியாமல் இருக்க மருதங்கன்று நட வேண்டும்; குழி தோண்ட இங்கே ஆள் இல்லை. நாங்கள் காட்டும் இடத்தில் மட்டும் நீங்கள் தோண்டலாம்."

"என் நகமெல்லாம் தேய்ந்து போச்சு," என்று குரங்கு கையை நீட்டிக் காட்டியது.

காட்டிய இடத்தில் மட்டும் பன்றி தோண்டியது. முதலில் முணுமுணுத்துக்கொண்டே தோண்டியது. போகப் போக, துளிர் விட்டதா என்று பார்க்க எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது. மான் ஒன்று இலையில் வாய் வைத்தபோது, "ஏய், அது என் கன்று!" என்று துரத்தியே விட்டது.

கன்றுகள் மரமாயின. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டன. தண்ணீர் தெளிந்தது, மீன்கள் வந்தன. ஒரு காலையில் கொக்கு சிறகடித்துக் கூவியது.

"கண்டேன்! நீர்நாயைக் கண்டேன்! குட்டிகளோடு வந்திருக்கிறது!"

ஆரவாரம் அடங்கியதும் குரங்கு தயங்கித் தயங்கிச் சொன்னது: "அண்ணே, வாக்கு முடிந்தது. இனி நீங்கள் கரையில் தோண்டலாம்."

பன்றி மரங்களை ஏற இறங்கப் பார்த்தது.

"இங்கேயா? இதெல்லாம் யார் குழி வெட்டி வளர்ந்த மரம், தெரியுமா? எவனாவது இங்கே மூக்கை வைக்கட்டும், பார்க்கிறேன்!"

எல்லோரும் கலைந்து போன பிறகு, கரையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, பன்றி தலை நிமிர்ந்து மேட்டுக் காட்டை நோக்கி நடந்தது.

நீதி: பொய் சொல்லிப் பெறுவதைவிட, பாடுபட்டு வளர்த்ததைக் காப்பதே பெருமை.