வெள்ளை விரல்கள்

ஓர் அருங்காட்சியகம். அதற்கு ஒரு தலைவர், வைத்தியலிங்கம். அவர் சொன்னால் சொன்னதுதான். என்றோ அழிந்துபோன ஒரு மிருகத்தின் எலும்புக்கூடு வந்ததும், முகத்தைப் பார்த்தே "ஆதிப் பன்றி" என்று பலகை மாட்டிவிட்டார். ஆனால் பன்றிக்குக் காலுக்கு நாலு விரல், இதற்கு இரண்டுதான்; பன்றிக்குரிய வளைந்த கோரைப்பல்லும் இதற்கு இல்லை.

"மிச்ச விரலையும் வளைஞ்ச கோரைப்பல்லையும் பிளாஸ்டர்ல செஞ்சு ஒட்டு. இல்லாட்டி வேலையை விட்டுப் போ" என்றார் பிலோமினாவிடம். அங்கே பிளாஸ்டர் வேலை அவளுடையது.

"சரிங்கய்யா" என்று செய்து ஒட்டினாள். நிஜ எலும்பு பழுப்பாகவும், செய்து சேர்த்தது வெள்ளையாகவும் இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவள் வழக்கத்தை மீறவில்லை.

திறப்பு விழாவில் அமைச்சர், "எதை வச்சு இதைப் பன்றிங்கறீங்க?" என்று கேட்டார். தலைவர் பெருமையாக விரலையும் பல்லையும் காட்டினார்.

"அது மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"

பிலோமினா பணிவாகச் சொன்னாள்: "பழுப்பெல்லாம் மண்ணு கொடுத்ததுங்க. வெள்ளையெல்லாம் ஐயா கொடுத்தது."

கூட்டம் சிரித்தது. மறுநாளே பலகையைக் கழற்றி, எலும்புக்கூட்டோடு பிலோமினாவையும் கிடங்குக்கு அனுப்பினார் தலைவர். அது நீர்யானைக்கு உறவா, வேறெந்த மிருகத்துக்கு உறவா என்று தேட யாருக்கும் அக்கறையில்லை.

தூசி தட்டும்போதெல்லாம் பிலோமினா அதன் நெற்றியைத் தடவுவாள். "நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா, பன்னின்னாவது உன்னை நாலு பேர் பார்க்க வந்திருப்பாங்க."